செட் ஆகிற நேரம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் தூண் ஒன்று
என் ஜன்னலில் பாதியை எடுத்துக்கொள்கிறது.
மீதிப் பாதி வெளிச்சத்தில்
நான் பல் செய்கிறேன்.

வாசலில் போர்டு கிடையாது.
டாக்டர்கள் அனுப்பும் வாய்கள்
பாலிதீன் பையில், பெயர் எழுதி, பஸ்ஸில் வரும்.
மேல் செட், கீழ் செட், முழு செட்.
கருங்கல் வாய், குளச்சல் வாய், அருமனை வாய்:
ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மாதிரி கடித்திருக்கிறது.

பிளாஸ்டர் கலக்கி அச்சில் ஊற்றினால்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பேன்.
செட் ஆகும்போது அது சூடாகும்,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றி போல.
ஆறியபின் நகத்தால் தட்டினால்
ணங் என்னும். அப்போது சரி.

அந்தச் சூட்டில்தான் ஒருநாள் போன் வந்தது.
தரகர் யேசுபாதம்:
“கேட்டியா மக்களே, அவியளுக்கு செட் ஆவாதாம்.”
எது என்று நான் கேட்கவில்லை.
இருபது பவுனா, முப்பத்தாறு வயதா,
அடுத்தவர் எச்சிலைத் தொடும் கையா.
இரண்டெழுத்துச் சொல் அத்தனையையும்
வாய்க்குள் அடக்கிக்கொண்டு நின்றது.
பிளாஸ்டர் ஆறிவிட்டிருந்தது.
தட்டினேன். ணங்.

தம்பிக்கு இதே சொல் வேறு.
குலசேகரத்தில் றப்பர் வெட்டுகிறான்.
மழை விழுந்த பால் தட்டில்
நேரத்துக்கு செட் ஆகாது என்று
வானத்தை வைது கொண்டிருப்பான்.
அவன் பெண்டாட்டிக்கு ஓணத்துக்கு ஒரு செட்டு முண்டு.
என்னோடு படித்தவளுகள் வாட்ஸப்பில்
“நம்ம செட்டுல நீ மட்டும்தான்” என்று எழுதி
வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிடுவார்கள்.

ஒரு மத்தியானம் அகராதியில் தேடினேன்.
பக்கம் பக்கமாகப் போகிறது.
வலை போடுவதும் அதுதானாம்,
முறிந்த எலும்பைப் பொருத்துவதும்,
தீ வைப்பதும்.
ஒரு மூலையில், பொடி எழுத்தில், சூரியன்.
உறைவதற்கும் மறைவதற்கும்
ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள்.
கன்னியாகுமரியில் ஆட்டோக்காரர்கள்
சன்செட் பாயிண்ட், சன்செட் பாயிண்ட் என்று கூவும்போது
சூரியனுக்குப் பல் கட்டுகிற இடம் என்று
இதுவரை தோன்றியதில்லை.
இனித் தோன்றும்.

தூத்தூரிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் நேரிலேயே வந்தார்.
ஆழ்கடல் போட்டில் ஸ்ராங்கு.
வின்ச் கயிறு அறுந்து அடித்ததில்
முன்பல் ஆறும் கடலோடு போயிருந்தன.
“வயர்லெஸ் செட்டுல பேசுனா ஒருத்தனுக்கும் வெளங்கல்ல.
தெக்குன்னு சொன்னா மேக்குன்னு கேக்கான்.
சனிக்கிழம கடலுக்குப் போணும். அதுக்குள்ள செட்டு வேணும்.”
எந்த செட் என்று இரண்டுபேரும் ஒரு கணம் நின்றோம்.
பிறகு சிரித்தோம்,
அவர் வாயைப் பொத்திக்கொண்டு.

ராத்திரி உட்கார்ந்து செய்தேன்.
மெழுகில் ஆறு பல்லை நிறுத்தும்போது
ஒன்றிரண்டைக் கொஞ்சம் கோணலாக வைத்தேன்.
ஒக்க நேராக இருந்தால்
பொய் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மாட்டிப் பார்த்தார்.
கண்ணாடி கேட்கவில்லை.
“தெக்கு” என்றார்.
“தெக்கு. தென்மேக்கு. துப்பட்டா. தித்திப்பு.”
எங்கேயும் காற்று ஒழுகவில்லை.
எண்ணூறு ரூபாய் பாக்கி, மீன் வித்துத் தருவாராம்.

பன்னிரண்டு நாள் கழித்து
கரையில் செட்டுக்கு முன்னால் இருக்கிற
அவர் மகள் கூப்பிட்டாள்.
“அப்பா செட்டுல சொன்னாவ,
செட்டு செட்டாயிட்டுதாம்.”
அவளுக்குப் பின்னால் கரகரவென்று இரைச்சல்.
அதற்குள் எங்கோ ஒரு ஆண்குரல்
யாருக்கோ திசை சொல்லிக்கொண்டிருந்தது,
ஒவ்வொரு தகரமும் கடித்துத் துப்பியது போல.

வெயில் தூணை விட்டு இறங்குகிறது.
கையில் இரணியல்காரர் ஒருவரின் கீழ்வாய்.
இன்னும் ஆறவில்லை.